அசைவைக் கற்றல்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்விக்குப்பின் என்ன படிப்பது என்னும் வினா, பதினோராம் வகுப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மருத்துவம், பொறியியல், வணிகவியல் என்னும் பழகிய விடைகளுக்கு நடுவே, "நான் அசைவூட்டம் படிக்கப்போகிறேன்" என்று ஒரு மாணவி கூறினால் வீட்டில் சற்று நேரம் பேச்சு நின்றுவிடும். பொம்மைப் படம் வரைவதற்கும் ஒரு பட்டமா என்பதே அந்த அமைதியின் பொருள். அப்படிப்பில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது, அதற்கு எவ்வகை மனம் வேண்டும், எங்கே விழிப்போடு இருக்க வேண்டும் என்பவற்றை ஆராய்கிறது இக்கட்டுரை.

விழும் பந்து

அசைவூட்டம் கற்கச் சேரும் மாணவர் பலர், முதல் நாளிலேயே விலையுயர்ந்த கணினிமுன் அமர்ந்து பறக்கும் நாகங்களை உருவாக்கப்போவதாக எண்ணி வருகின்றனர். அவர்களுக்குக் கிடைப்பதோ ஒரு கட்டுத் தாளும் ஒரு பென்சிலும்தான். உலகெங்கும் உள்ள அசைவூட்டப் பள்ளிகளில் தொடக்கநிலைப் பயிற்சியாகப் பெரும்பாலும் தரப்படுவது ஒன்றே: ஒரு பந்து தரையில் விழுந்து எழும்புவதை வரைந்து காட்டுக.

எளிதெனத் தோன்றும் இப்பயிற்சியில் எத்தனை பேர் தடுமாறுகின்றனர் என்பதை ஆசிரியர் அறிவர். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. பந்து அரை நொடியில் தரையைத் தொட வேண்டுமாயின் 12 சட்டகங்கள் வேண்டும். புதிய மாணவர், பந்து விழும் தொலைவைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து வரைந்துவிடுவார். ஓடவிட்டுப் பார்த்தால் பந்து விழாது. கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கிய வாளியைப்போல ஒரே சீராகக் கீழிறங்கும்.

பிழை எங்கே உள்ளது? இயற்பியல் பாடத்தை நினைவுகூர்க. தடையின்றி விழும் பொருள், காலத்தின் இருமடிக்கு ஏற்பத் தொலைவைக் கடக்கிறது. அரை நொடியில் ஒரு பொருள் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் விழும். ஆனால், முதல் ஆறு சட்டகங்களில், அதாவது கால் நொடியில், அது கடப்பது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். எஞ்சிய 92 சென்டிமீட்டரையும் அடுத்த ஆறு சட்டகங்களில் கடந்துவிடுகிறது. ஆகவே, மேலே பந்துகள் நெருங்கி நிற்க வேண்டும். கீழே செல்லச் செல்ல இடைவெளி விரிய வேண்டும். இந்த இடைவெளியைச் சரியாக அமைத்தவுடன் தாளில் வரைந்த வட்டத்துக்கு எடை வந்துவிடுகிறது. அது இரும்புக் குண்டா, இரப்பர்ப் பந்தா, காற்றடைத்த பலூனா என்பதைப் பார்ப்பவருக்கு எவரும் சொல்வதில்லை. விழும் வேகமும், தரையைத் தொடும்போது நசுங்கும் அளவும், மீண்டும் எழும் உயரமும் சொல்லிவிடுகின்றன.

வகுப்பறையில் சூத்திரமாக மனனம் செய்தது, இங்குக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறுகிறது. கணக்கும் இயற்பியலும் வராது என்பதற்காக அசைவூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் சிலர் உண்டு. அவர்களுக்கு இது சிறிய அதிர்ச்சியாகவே அமையும்.

பந்துக்குப்பின் நடை. மனிதர் நடப்பதை வரைவது அசைவூட்டக் கல்வியின் பெரிய வாயில். குதிகால் தரையில் பதிதல், உடல் சற்றுத் தாழ்தல், ஒருகால் மற்றொரு காலைக் கடத்தல், உடல் மீண்டும் எழுதல் என ஒவ்வோர் அடியையும் நான்கு நிலைகளாகப் பகுத்துக் கற்பிப்பர். இயல்பான நடையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 12 சட்டகங்கள். இவ்விலக்கணம் ஒரு வாரத்தில் மனத்தில் பதிந்துவிடும். இலக்கணம் தெரிந்தபின்பே உண்மையான வேலை தொடங்குகிறது. ஏனெனில் இலக்கணப்படி நடக்கும் மனிதர் எவரும் இலர். தலையில் நெற்கட்டு வைத்துச் செல்பவரின் இடுப்பு அசையும், தலை அசையாது. தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு வரும் மாணவனின் தோள்களே அவன் மதிப்பெண்ணைக் கூறிவிடும். இடுப்பில் குழந்தையைத் தாங்கிய தாயின் உடல் ஒருபுறம் சாய்ந்திருக்கும்.

இவற்றைக் கணினியிலிருந்து கற்க இயலாது. அதனால்தான் நல்ல கல்லூரிகள் மாணவரைப் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் தாளோடு அனுப்புகின்றன. முப்பது நொடிக்குள் ஒருவரின் நிலையைச் சில கோடுகளில் பிடிக்க வேண்டும். முகமோ உடையோ தேவையில்லை. உடலின் சாய்வும் எடை தங்கும் காலும் போதும். நாள்தோறும் இவ்வாறு நூறு கோட்டுருவங்கள் வரைந்தவரின் கைக்கும் வரையாதவரின் கைக்கும் உள்ள வேறுபாடு இரண்டாம் ஆண்டில் வெளிப்படையாகத் தெரியும்.

கண்ணும் மனமும்

அசையாத படங்கள் அசைவதாக ஏன் தோன்றுகின்றன? ஒரு காட்சி மறைந்தபின்னும் விழித்திரையில் சிறிது நேரம் தங்குவதே காரணம் என்று பழைய நூல்கள் விளக்கின. இன்றைய உளவியல் அவ்விளக்கத்தைப் போதுமானதாகக் கொள்வதில்லை. இரு படங்களுக்கு இடையில் இல்லாத அசைவை மூளையே கற்பித்துக்கொள்கிறது என்பதே இன்றைய கருத்து. மாக்ஸ் வெர்த்தைமர் என்னும் உளவியல் அறிஞர் 1912-இல் இத்தோற்ற அசைவைக் குறித்து வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அசைவூட்டக் கலைஞர் வரைவது பாதிதான். மறுபாதியைப் பார்ப்பவரின் மனம் வரைகிறது.

இந்த உண்மையைத் திரைப்படம் தோன்றுமுன்பே விளையாட்டுப் பொருளாக்கினர். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1832-இல் சுழலும் வட்டில் படங்களை அசையச் செய்தார். பிரான்சின் எமில் ரேனோ 1892-இல் பாரிஸ் நகரில் வரைபடங்களைத் திரையில் வீழ்த்தி மக்களுக்குக் காட்டினார். லூமியேர் சகோதரர்களின் புகழ்பெற்ற திரையிடலுக்கு அது மூன்றாண்டு முந்தியது. எமில் கோல் 1908-இல் ஏறத்தாழ 700 வரைபடங்களைக்கொண்டு ஒரு குறும்படத்தை உருவாக்கினார். ஒவ்வொரு படத்தையும் இருமுறை பதிவுசெய்து உழைப்பைப் பாதியாக்கினார். இன்றும் அசைவூட்டக் கலைஞர் பலர் நொடிக்கு 12 படம் வரைந்து, ஒவ்வொன்றையும் இரு சட்டகங்களுக்கு நிறுத்துகின்றனர். நம் நாட்டில், தாதாசாகேப் பால்கே முழுநீளத் திரைப்படம் எடுப்பதற்குமுன், ஒரு பட்டாணி விதை முளைத்து வளர்வதைச் சிறிது சிறிதாகப் பதிவுசெய்து, பல நாள் வளர்ச்சியைச் சிறிய காட்சியாக்கினார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

ஒரு மாணவரின் இடக்கை

கணினி அசைவூட்டம் ஒரு திரைப்பட நிறுவனத்தில் பிறந்தது என்றே பலர் எண்ணுகின்றனர். அதன் வேர்களுள் ஆழமான ஒன்று ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் உள்ளது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸ், ஐவன் சதர்லாந்து ஆகிய பேராசிரியர்கள் கணினி வரைகலைக்கென ஆய்வுக்குழு ஒன்றை வளர்த்தனர். சதர்லாந்து தம் ஆய்வுப் பட்டத்துக்காக 1963-இல் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்', ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே வரையலாம் என்று காட்டிய முன்னோடி. அக்குழுவில் சேர்ந்த மாணவருள் ஒருவர் எட்வின் கேட்மல். சிறுவயதில் டிஸ்னி படங்களைப் பார்த்து அசைவூட்டக் கலைஞராக வேண்டும் என்று விரும்பியவர். அதற்கேற்ற ஓவியத் திறன் தமக்கில்லை என்று கருதி இயற்பியலும் கணினி அறிவியலும் படித்தார். விரும்பிய வாயில் அடைபட்டது என்று எண்ணியவர், வேறொரு வாயில் வழியாக அதே வீட்டுக்குள் நுழைந்தார் எனலாம்.

1972-இல் கேட்மல் தம் இடக்கையைச் சாந்தில் அச்செடுத்தார். அவ்வார்ப்பின்மேல் மையால் கோடுகள் இட்டு, அதன் பரப்பை ஏறத்தாழ 350 சிறு முக்கோணங்களாகவும் பலகோணங்களாகவும் பிரித்தார். ஒவ்வொரு முனையின் இடத்தையும் அளந்து எண்களாகக் கணினியில் சேர்த்தார். விரல்கள் மடங்கி விரியும் சிறு படம் ஒன்று உருவாயிற்று. உடன்பயின்ற பிரெட் பார்க் ஒரு மனித முகத்தை அசையவைத்தார். வடிவியல் பாடத்தில் ஆயத்தொலைவு என்று நாம் கற்கும் மூன்று எண்களால் ஒரு மனிதக் கையை முழுவதும் கூறிவிட முடிந்தது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2011-இல் அப்படம் சேர்க்கப்பட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர், வரைகலை ஆய்வுக்கு ஏற்ற பொருள் ஒன்றைத் தேடி, வீட்டிலிருந்த தேநீர்க் கெண்டியை 1975-இல் எண்களாக்கினார். வளைந்த வயிறும் மூக்கும் கைப்பிடியும் கொண்டிருந்ததால், ஒளியும் நிழலும் எவ்வாறு விழுகின்றன என்று சோதிக்க அது பெரிதும் உதவியது. வரைகலை மென்பொருள் பலவற்றில் அக்கெண்டி இன்றும் இடம்பெறுகிறது. உலகில் மிகுதியாக வரையப்பட்ட சமையலறைப் பாத்திரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்!

இது கதையின் ஒருபாதி. கலிபோர்னியாவில், வால்ட் டிஸ்னியின் முயற்சியால் தோன்றிய கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸில் 1975-இல் பாத்திர அசைவூட்டத்துக்கெனத் தனிப் படிப்பு தொடங்கியது. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்கள் அங்குக் கற்பித்தனர். உயிருள்ளவர்களைப் பார்த்து வரைதல், கதை, நடிப்பு ஆகியன அங்குப் பாடங்கள். ஜான் லாசட்டர் அங்குப் பயின்றவர். பின்னர் அவர், கேட்மல் தலைமையில் இயங்கிய கணினிக் குழுவில் சேர்ந்தார். கணக்கறிந்த மாணவரும் கோடறிந்த மாணவரும் ஒரே மேசைக்கு வந்த நிகழ்வு அது. அக்குழுவே 1986-இல் பிக்சார் நிறுவனமாயிற்று.

அவ்வாண்டு வெளிவந்த அவர்களின் குறும்படத்தில் இரண்டு மேசை விளக்குகளே பாத்திரங்கள். பெரிய விளக்கு பார்த்துக்கொண்டிருக்கச் சிறிய விளக்கு பந்தோடு விளையாடுகிறது. வரைகலை வல்லுநர் மாநாட்டில் அதைத் திரையிட்டபின், அத்துறையின் பேரறிஞரான ஜிம் பிளின் லாசட்டரை நோக்கி வந்தார். நிழல் விழும் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசட்டர் கலங்கினாராம். பிளின் கேட்டதோ, பெரிய விளக்கு தாயா தந்தையா என்பது. வல்லுநரே கணக்கை மறந்து விளக்கை உயிராகக் கண்ட அந்நேரத்தை லாசட்டர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். இதே குழு 1995-இல் முழுவதும் கணினியால் அசைவூட்டப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி'யை வெளியிட்டது.

தோற்பாவையும் எலும்புக்கூடும்

இன்று முப்பரிமாண அசைவூட்டம் பயிலும் மாணவர் கடக்கும் படிகளை நம் தோற்பாவைக் கூத்தைக்கொண்டு எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவத்தை வெட்டி, வண்ணம் தீட்டி, கை கால்களைத் தனித்தனித் துண்டுகளாக்கி மூட்டுகளில் பிணைப்பர். திரைக்குப்பின் விளக்கேற்றிக் கோலால் அசைப்பர். கணினியிலும் இதே வரிசைதான். உருவத்தை வடித்தல் முதல்படி. அதன்மேல் தோலும் துணியும் உலோகமுமாகத் தோன்றும் பரப்பை இடுதல் அடுத்தது. மூன்றாவது, உருவத்துக்குள் எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்துதல். இதனைத் தொழில்துறையினர் ரிக்கிங் என்பர். முழங்கை எந்தப் பக்கம் மடங்கும், தோள் எவ்வளவு சுழலும் என்பதையெல்லாம் இங்கே வரையறுக்க வேண்டும். பாவை செய்பவர் மூட்டைத் தவறாகத் துளையிட்டால் பாவையின் கை கோணலாகத் தூக்கும். கணினிப் பாவைக்கும் அதே தண்டனைதான்.

அதன்பின்பே அசைவூட்டல். கலைஞர் முதன்மைச் சட்டகங்களை அமைத்தால், இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பிவிடும். முன்னாளில் இடைப்படங்களை வரைவதற்கென்றே தனியாக உதவியாளர்கள் இருந்தனர். ஆனால், கணினி நிரப்பும் இடைச் சட்டகங்களில் உயிர் இராது. நாம் முன்னர்க் கண்ட புதிய மாணவரைப்போல அதுவும் தொலைவைச் சமமாகப் பங்கிடும். அல்லது எல்லா அசைவையும் ஒரே வகையில் மென்மையாக்கிவிடும். ஆகவே, அசைவைக் காட்டும் வளைகோடுகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியுள்ளது. சிலம்பம் சுழற்றுபவர் முன்னோக்கி அடிக்குமுன் கோலைப் பின்னுக்கு இழுப்பதைக் காண்க. அந்தப் பின்னிழுப்பு இல்லாத அடியைக் கண் நம்பாது. டிஸ்னி கலைஞர்களான பிராங்க் தாமஸும் ஓலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் தொகுத்த பன்னிரு நெறிகளுள் இம்முன்னாயத்தமும் ஒன்று. பந்து நசுங்குவது அவற்றுள் மற்றொன்று.

இறுதியாக ஒளியமைத்து, ஒவ்வொரு சட்டகத்தையும் படமாகக் கணித்தெடுத்தல். இதுவே ரெண்டரிங். 'டாய் ஸ்டோரி' 81 நிமிடம் ஓடும் படம். நொடிக்கு 24 என்று கணக்கிட்டால் ஒரு இலட்சத்தைத் தாண்டிய சட்டகங்கள். ஒரே சட்டகத்துக்குப் பல மணி நேரம் கணினி உழைக்க வேண்டியிருந்தது. அன்றைய கணினிகளைவிடப் பன்மடங்கு விரைவானவை இன்று இருந்தும் ஒரு சட்டகத்துக்கான காத்திருப்பு குறைந்துவிடவில்லை. விரைவு கூடக் கூடக் கலைஞர் மேலும் நுண்மையான மயிரையும் நீரையும் புகையையும் கேட்கின்றனர்.

புள்ளியும் வளைகோடும்

எண்ணிம ஓவியம் இதனோடு ஒட்டிய மற்றொரு பாடம். திரையில் காணும் படம் இரு வகையாகச் சேமிக்கப்படலாம். ஒன்று, படப்புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவு 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கப்படும். 256-ஐ மும்முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். வண்ணத்தைத் தாளில் கலப்பதும் ஒளியில் கலப்பதும் ஒன்றல்ல என்பதை முதற்பருவத்திலேயே உணர வேண்டும். தாளில் மூன்று நிறத்தைக் கலந்தால் கருமை நோக்கிச் செல்லும். ஒளியில் கலந்தால் வெண்மை பிறக்கும்.

மற்றொரு வகை, வளைகோடுகளைக் கணக்காகச் சேமிப்பது. பிரான்சின் மகிழுந்து நிறுவனங்களில் பணியாற்றிய பியேர் பெசியரும் போல் த காஸ்தல்ஜோவும் வண்டியின் வளைந்த உடலை வரையறுக்கத் தனித்தனியே கண்ட முறையே இதன் அடிப்படை. எவ்வளவு பெரிதாக்கினாலும் இக்கோடு சிதையாது. கணினியில் அச்சுக்கோக்கும் எழுத்துருக்கள் பொதுவாக இவ்வாறே அமைகின்றன. 'ஞ'கரத்தின் சுழியும் 'ழ'கரத்தின் வளைவும் சில கட்டுப்புள்ளிகளும் அவற்றை இணைக்கும் சமன்பாடுகளுமே. தமிழ் எழுத்தின் வளைவுகளில் ஈடுபாடுள்ள மாணவர் எழுத்துரு வடிவமைப்பையும் ஒரு வாழ்க்கைத் துறையாக எண்ணிப் பார்க்கலாம். அத்துறைக்கு வருவோர் நம்மிடையே குறைவு.

எங்கே கற்பது?

இந்தியாவில் அசைவூட்டக் கல்வி முறையாகத் தொடங்கியது மும்பையில், அரசின் திரைப்படப் பிரிவில். டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956-இல் அங்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவரான ராம் மோகன், பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் தந்தை என்று போற்றப்பட்டு 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000-இல் மகாபாரதக் கதையை முப்பரிமாண அசைவூட்டப் படமாக்கியது. நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிவுசெய்து உருவத்துக்கு ஏற்றும் முறையில் 'கோச்சடையான்' 2014-இல் தமிழில் வெளிவந்தது.

இன்று, அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அசைவூட்டத் திரைப்பட வடிவமைப்பு தனிப் பாடப்பிரிவாக உள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியிலும் அசைவூட்டம் கற்பிக்கப்படுகிறது. சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவும் இளநிலைப் பட்டப்படிப்பாகும். 1850-இல் தோன்றிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியமும் காட்சித் தொடர்பு வடிவமைப்பும் பயின்று இத்துறைக்கு வருவதும் நல்ல வழியே. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் காட்சித் தொடர்பியல் பட்டம் உண்டு.

தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் வடிவமைப்புப் படிப்புக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வுகள் நடைபெறுகின்றன. இரண்டிலும் கையால் வரைய வேண்டிய வினாக்கள் உண்டு. ஒரு காட்சியை எவ்வாறு உற்றுநோக்குகிறீர்கள், ஒரு சிக்கலுக்கு எத்தனை வழிகளில் விடை தேடுகிறீர்கள் என்பதையே அவை சோதிக்கின்றன. எந்த மென்பொருள் தெரியும் என்று கேட்பதில்லை. அழகாக வண்ணம் தீட்டிய கடவுளர் படங்களையும் நடிகர் முகங்களையும் மட்டும் வைத்திருப்பவரைவிட, தெருவில் கண்டதை ஒவ்வொரு நாளும் வரைந்த அழுக்கேறிய குறிப்பேட்டை வைத்திருப்பவர் இங்கு முந்துவார்.

தனியார் பயிற்சி நிலையங்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். நன்றாகக் கற்பிப்பவை உண்டு. கண்ணாடிக் கட்டடமும் வேலை உறுதி என்னும் விளம்பரமும் மட்டுமே உடையவையும் உண்டு. பெற்றோர் நகையை அடகுவைத்துக் கட்டணம் கட்டுமுன் சில வினாக்களை நேரில் சென்று கேட்க வேண்டும். தரப்படுவது பல்கலைக்கழகப் பட்டமா, நிலையத்தின் சான்றிதழா? பட்டமெனில் எந்தப் பல்கலைக்கழகத்தினது? கற்பிப்பவர் இத்துறையில் பணியாற்றியவரா? சென்ற ஆண்டு முடித்த மாணவரின் படங்களைப் பார்க்கலாமா? கடைசி வினாவுக்கு மழுப்பலான விடை வந்தால் திரும்பி வந்துவிடலாம். ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் ஓராண்டு கற்பிக்கும் படிப்பு, அம்மென்பொருள் மாறும்போது பயனற்றுப்போகும்.

வறுமை இத்துறைக்குத் தடையா? முன்னர்ப் பெருந்தடையாக இருந்தது. இன்று அந்நிலை மாறியுள்ளது. நெதர்லாந்தின் டான் ரோசந்தால் உருவாக்கிய 'பிளெண்டர்' என்னும் முப்பரிமாண மென்பொருள், உரிமையாளரான நிறுவனம் மூடப்பட்ட நிலையில் அழியவிருந்தது. பயன்படுத்துவோரிடம் 1,00,000 யூரோ திரட்டி, 2002-இல் அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக மாற்றினர். லாட்வியா நாட்டின் இளம் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ், சிறிய குழுவோடு இம்மென்பொருளில் உருவாக்கிய 'ஃப்ளோ' என்னும் படம், 2025-இல் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஒரு சொல்கூடப் பேசப்படாத படம் அது. வெள்ளத்தில் தப்பிய பூனை ஒன்றே அதன் நாயகன். ஓவியத்துக்குக் 'கிரிட்டா', வளைகோட்டு வரைகலைக்கு 'இங்க்ஸ்கேப்' ஆகியவையும் இவ்வாறே விலையின்றிக் கிடைப்பவை. கணினியே இல்லாதவருக்கு, அடிப்பக்கத்தில் தடிமனான குறிப்பேடு ஒன்று போதும். அதன் ஓரங்களில் பந்தை விழச்செய்யலாம்.

வேலையும் விலையும்

அறைக்குள் அமர்ந்து செய்யும் வேலை என்பதால் இதனை எளிய வேலை என்று கருதக்கூடாது. இந்தியாவின் அசைவூட்ட, காட்சி விளைவு நிறுவனங்கள் பலவும் வெளிநாட்டுப் படங்களுக்குப் பணி செய்பவை. புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும், நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து சட்டகம் சட்டகமாகக் கோடிட்டுப் பிரிக்கும் ரோட்டோஸ்கோப்பிங், கயிறுகளையும் கம்பிகளையும் காட்சியிலிருந்து அழித்தல் போன்ற பணிகளே. நாள் முழுவதும் ஒருவரின் தலைமுடியைச் சுற்றிக் கோடிடுவது பொறுமையைச் சோதிக்கும். படம் வெளிவரும் நாள் நெருங்கும்போது இரவும் பகலாகும்.

யான் மார்ட்டெலின் புதினத்தைத் தழுவி ஆங் லீ இயக்கிய 'லைப் ஆஃப் பை' திரைப்படத்தை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். புதுச்சேரியில் தொடங்கும் கதை அது. கடலில் தத்தளிக்கும் படகில் அச்சிறுவனோடு இருக்கும் புலி, பெரும்பான்மையான காட்சிகளில் கணினியில் உருவானது. அதன் ஈரமான மயிரும் பசித்த விலா எலும்பும் சலித்த பார்வையும் கலைஞர்கள் பலரின் உழைப்பு. அதனைச் செய்த ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அப்படம் காட்சி விளைவுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அதற்குச் சில நாள் முன்னர்த்தான் அந்நிறுவனம் திவால் மனு அளித்திருந்தது. விருதை ஏற்றவர் தம் நிறுவனத்தின் நிலையைப் பேசத் தொடங்கியபோது, நேரம் முடிந்தது என்று இசை எழுப்பி அவர் பேச்சை நிறுத்தினர். அரங்குக்கு வெளியே காட்சி விளைவுக் கலைஞர்கள் கண்டன முழக்கம் எழுப்பிக்கொண்டிருந்தனர்.

இதை அச்சுறுத்துவதற்காகக் கூறவில்லை. குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் பெற்று, திருத்தங்கள் பெருகப் பெருக இழப்பைத் தாமே ஏற்கும் தொழில்முறை ஒன்றில் நுழைகிறோம் என்பதைத் தெரிந்தே நுழைய வேண்டும். எழுத்தால் கேட்டவுடன் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பின் இவ்வச்சம் கூடியுள்ளது. தொடக்கநிலைப் பணிகள் பலவற்றை அவை ஏற்கத் தொடங்கிவிட்டன என்பது மறைக்கத்தக்கதன்று. கலைஞர்களின் ஓவியங்களை அவர்கள் ஒப்புதலின்றிக் கற்றுக்கொண்டே இக்கருவிகள் வளர்ந்தன என்று தொடுக்கப்பட்ட வழக்குகளும் உள்ளன. எனினும், கருவி தந்த நடை தவறானது என்று காண்பதற்கும் அதைத் திருத்துவதற்கும் நடையை அறிந்த கண் வேண்டும். ஆகவே, பட்டம் பெறும் மாணவர் ஒரு பணியை மட்டும் அறிந்தவராக இல்லாமல், கதை, ஓவியம், அசைவு ஆகியவற்றுள் ஒன்றிலேனும் ஆழமும் மற்றவற்றில் பழக்கமும் உடையவராதல் நன்று. திரைப்படத்துக்கு வெளியேயும் பணிகள் உண்டு. மருத்துவ மாணவருக்கு இதயத்தின் இயக்கத்தைக் காட்டுவதும், தொல்லியல் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளிலிருந்து முழுப் பானையைத் திரையில் மீட்டுருவாக்குவதும், காது கேளாத குழந்தைகளுக்குப் பாடப்பொருளை அசைவூட்டப் படமாக்குவதும் இக்கல்வியின் பயன்களே.

மதிப்பீடு

குறுவினா

1. விழும் பந்தைச் சம இடைவெளியில் வரைந்தால் அசைவு ஏன் இயல்பாகத் தோன்றுவதில்லை?
2. கேட்மல் தம் கையை எவ்வாறு எண்களாக மாற்றினார்?
3. படப்புள்ளி ஓவியத்துக்கும் வளைகோட்டு ஓவியத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா

4. தோற்பாவை செய்தலையும் முப்பரிமாண அசைவூட்டத்தையும் ஒப்பிடுக.
5. பெரிய விளக்கு தாயா தந்தையா என்று ஜிம் பிளின் கேட்டதிலிருந்து நீவிர் உணர்வது யாது?

நெடுவினா

6. அசைவூட்டம் படிக்க விரும்பும் மகளுக்கும் அதில் தயங்கும் தந்தைக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக. இருவர் பக்கத்திலும் உள்ள நியாயம் வெளிப்பட வேண்டும்.

செயல்பாடு

பழைய குறிப்பேடு ஒன்றின் கீழ் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பந்துகள் வரைந்து, விரலால் விரைந்து புரட்டிப் பாருங்கள். முதலில் சம இடைவெளியில் வரைக. பின்னர், மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் வருமாறு வரைக. இரண்டையும் வகுப்பில் சுற்றுக்கு விட்டு, எது விழுகிறது என்று தோழர்களைக் கேளுங்கள்.